புகை வராத வண்டி

இந்த வண்டியை என் மனைவி ஸ்வாதி வாங்கியது எங்கள் மகள் மதிக்காகத்தான். பேருந்தின் பின்னால் நின்றாலே மதிக்கு இருமல் வரும். பெட்ரோல் ஸ்கூட்டரை விற்றுவிட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கலாம் என்று ஸ்வாதி சொன்னாள். வாங்கினோம். மதி அதற்குப் புகை வராத வண்டி என்று பெயர் வைத்தாள். தொடக்கப் பொத்தானை அழுத்தினால் திரையில் "குட் மார்னிங், ஸ்வாதி" என்று வரும். என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றவில்லை.

ஸ்வாதி சித்திரையில் இறந்தாள். அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மதிவதனிக்கு அப்போது நான்கு வயதுகூட முடியவில்லை. இதைப் பற்றி எழுத எனக்கு வேறொன்றும் இல்லை.

எங்கள் வீடு பருத்திப்பட்டில், ஏரிக்கு எதிரே மூன்றாவது மாடி. என் அலுவலகமும் மதியை விடும் காப்பகமும் அம்பத்தூர் எஸ்டேட்டில். வேன் வைத்துப் பார்த்தேன். டீசல் வாசனையில் வாந்தி எடுத்தாள். ரயிலில் காலைக் கூட்டத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை. வண்டிதான் மிச்சம். என் கால்களுக்கு இடையில், முன்னால் பொருத்திய சின்ன இருக்கையில் அவள் உட்கார்ந்து வருவாள்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் நனைந்தோம். இரண்டு நாளில் அவளுக்கு இளைப்பு வந்தது. விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆவடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஸ்வாதியின் அக்கா கலைவாணி குடியாத்தத்திலிருந்து வந்தார்.

மதி தேறி, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்.

"மாப்ள, நான் சண்டை போட வரல."

"தெரியும்க்கா."

"மதி எங்கிட்ட இருக்கட்டும். எங்க வீட்ல இடம் இருக்கு. நான் வீட்லயேதான் இருக்கேன். அவரும் சரின்னுட்டாரு."

"அவ என்கூடத்தான் இருப்பா."

"உங்ககூட எங்க இருக்கா? காலைல இருட்டுல எழுப்பி, மழைல கூட்டிட்டுப் போய் யார்கிட்டயோ விடறீங்க. பொழுது சாஞ்சு கூட்டிட்டு வர்றீங்க. தூங்கறா. இதுக்குப் பேரு கூட இருக்கறதா?"

அவளை அனுப்பிவிட்டால் அந்த வீட்டில் நான் எதற்கு எழுந்திருப்பேன் என்று தெரியவில்லை. அதைச் சொல்ல முடியாது.

கலைவாணி அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு சொன்னார்.

"நாளைக்கு மார்கழி பொறக்குது. மார்கழில பிள்ளைய வீடு மாத்தக் கூடாது. அதனால இப்ப நான் கேக்கல. பனி மாசம் இதுதான். இந்த மாசம் முழுக்க மூச்சு வாங்காம பாத்துக்கிட்டீங்கன்னா அப்புறம் நான் வாயத் தெறக்க மாட்டேன். மறுபடி ஆஸ்பத்திரின்னு வந்தா, தை பொறந்ததும் எங்கூட அனுப்பிடணும்."

"சரி."

"சும்மா சொல்லக் கூடாது."

"சரின்னு சொல்லிட்டேன்ல அக்கா."

அன்று மாலை மதி தூங்கிய பிறகு குளிர்காலத்தில் மின்சார வண்டி ஓட்டுவது எப்படி என்று தேடினேன். நார்வேக்காரர் ஒருவரின் வீடியோக்கள் வந்தன. தாடியில் பனி உறைந்திருக்க, அவர் பொறுமையாக விளக்கினார். பேட்டரியை வெளியே விடாதீர்கள், வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். கைப்பிடிக்கு உறை போடுங்கள். முன்னால் உயரமான கண்ணாடி வையுங்கள். இடுப்பிலிருந்து கால் வரை மூடும் ஏப்ரனை வண்டியோடு கட்டுங்கள். ஆவடியில் அன்று இருபத்தியிரண்டு டிகிரி. அந்த மனிதர் நம் ஊர்க் குளிரில் சட்டையைக் கழற்றிவிடுவார். இருந்தாலும் எல்லாவற்றையும் பார்த்தேன். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். பின்னால் உட்கார்ந்து கை காட்டினாள்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் துலுக்கானம் என்று ஒருவர் சீட் கவர் தைக்கிறார். அவரிடம் வீடியோவைக் காட்டினேன். வாயைப் பிளந்து பார்த்தார்.

"இன்னா சார், காஷ்மீருக்கா போற?"

"ஆவடிலேர்ந்து இங்க வரணும்."

"ஆவடிக்கு இன்னாத்துக்கு சார் வண்டிக்குப் பாவாட?"

"உள்ள குழந்தை உக்காரும். பனி படக் கூடாது."

அப்போதுதான் வண்டியில் இருந்த மதியைப் பார்த்தார். குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டு உருண்டையாக இருந்தாள்.

"பாப்பாவுக்கா? அத்த மொதல்ல சொல்றதில்ல? நான் நீ ஏதோ சினிமா எடுக்கறன்னு நெனச்சிகினேன். இன்னா கலரு பாப்பா ஓணும்?"

"பிங்க்" என்றாள் மதி.

"பிங்கு ரெக்ஸின் இல்ல கண்ணு. செவப்பு கீது. செவப்புல போட்டா ஃபயர் இஞ்சின் கணக்கா ஷோக்கா இருக்கும்."

"மணி அடிக்குமா?"

"மணி ஒங்கப்பன அடிக்கச் சொல்லு."

மதி சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

துலுக்கானம் நன்றாகவே தைத்தார். உயரமான கண்ணாடியின் இரு பக்கமும் ரெக்ஸின் இறங்கி, கால் வைக்கும் தட்டு வரை மூடியது. கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து என் மார்பு வரை தடித்த பிளாஸ்டிக். அதன் ஓரத்தை என் ஜெர்க்கினோடு பொருத்த அழுத்தும் பொத்தான்கள். உள்பக்கம் போர்வைத் துணி. ஹேண்டிலை வளைக்க இடம் விட்டிருந்தார். வண்டியைச் சாய்த்துப் பார்த்து, சுற்றி வந்து, இரண்டு இடத்தில் கூடுதலாகத் தையல் போட்டார்.

"காத்து உள்ள வராதே?" என்று கேட்டேன்.

"காத்தா? எறும்பு பூராது சார். துலுக்கானம் தெச்சா தெச்சதுதான்."

மதி அதை டென்ட் என்றாள்.

மார்கழி அப்படித்தான் போனது. விடியும்போது ஏரியிலிருந்து பனி எழுந்து சாலைக்கு வரும். எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும் தெரியும். நான் மதிக்குக் காதில் பஞ்சு வைத்து, குல்லா மாட்டி, சாக்ஸ் போட்டு, டென்ட்டுக்குள் உட்கார வைப்பேன். பிறகு பொத்தானை அழுத்துவேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துகளின் வடிவம் தெரியும்.

"அம்மா பேர் வந்துருச்சு. போலாம்."

அது வராமல் கிளம்பக் கூடாது. ஒரு நாள் அவசரத்தில் நகர்த்திவிட்டேன். அழுதாள். நிறுத்தி, வண்டியை அணைத்து, பொத்தானை மறுபடி அழுத்தினேன்.

பேட்டரியை ஒவ்வொரு நாள் மாலையும் மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனேன். தரைத்தளத்தில் இருக்கும் பார்வதம் அக்கா விளக்கு வைக்கும் முன் வாசல் தெளித்தபடி பார்ப்பார். எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் கட்ட நிலம் கொடுத்த குடும்பம் அவர்களுடையது.

"இன்னா நைனா, கொயந்தய தூங்க வெச்சிட்டு அத்தயும் தாலாட்டித் தூங்க வெப்பியா?"

"குளிர்ல விட்டா சார்ஜ் நிக்காதாம்."

"எனக்குந்தான் குளிர்ல நிக்க முடில. என்ன யாராவது மேல தூக்கினு போறாங்களா பாரு."

உண்மையில் சார்ஜ் குறைந்தது டென்ட்டினால்தான். அவ்வளவு பெரிய துணியைக் காற்றுக்கு எதிராக இழுத்துக்கொண்டு போனால் குறையத்தான் செய்யும். அது எனக்குத் தெரியும். இருந்தும் தூக்கினேன். செய்வதற்கு ஒன்று இருந்தது.

சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர்கள் குனிந்து பிளாஸ்டிக் வழியாகப் பார்ப்பார்கள். மதி உள்ளேயிருந்து கை காட்டுவாள். அலுவலகத்தில் விஷ்ணு ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "நம்ம திருவோட ராக்கெட் எறங்கிருச்சு, சுத்தி நின்னு வேடிக்கை பாக்காதீங்க, வழி விடுங்கப்பா" என்று கத்துவான். பரவாயில்லை.

இரவு ஏழு மணி வாக்கில் கலைவாணி அக்காவின் அழைப்பு வரும். வேறு எதுவும் கேட்க மாட்டார்.

"மூச்சு?"

"நல்லா இருக்கா."

"சரி மாப்ள. வைக்கிறேன்."

முதல் வாரம் அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை. மார்கழி பாதியில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. அதற்கும் பிறகு, ஒரு நாள் மதியைப் பேசச் சொன்னார். மதி டென்ட்டைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள். போனைத் திருப்பி வாங்கியபோது அக்கா சொன்னார்: "ஸ்வாதி இருந்தா சிரிச்சிருப்பா."

ஆமாம் என்றேன்.

கடைசி வாரத்தில் ஆவடி மார்க்கெட்டில் சின்ன மேளங்கள் குவித்து விற்றார்கள். மண் வளையத்தில் தோல் ஒட்டியது, குச்சியோடு. மதி கேட்டாள்.

"இந்த வருஷம் நமக்கு இல்ல."

"ஏன்?"

"அம்மா செத்துப் போயிட்டாள்ல. அந்த வருஷம் பண்டிகை கிடையாது."

"மோளம்கூட கிடையாதா?"

"கிடையாது."

"பொங்கல்?"

"கிடையாது."

அவள் அடம் பிடிக்கவில்லை. எதற்கும் அடம் பிடிக்காத பிள்ளையாகிவிட்டாள். தீபாவளிக்கும் இதையே சொல்லியிருந்தேன். கதவை மூடி, டிவி சத்தத்தைக் கூட்டிவைத்து அந்த நாளைக் கடத்தினோம். இந்த வருஷம் நமக்கு இல்லை. சொல்லச் சொல்ல அது ஒரு வசதியான வாக்கியமாகிவிட்டது. நாட்காட்டியில் என் கண்ணுக்குத் தெரிந்தது தை ஒன்று மட்டும். அதுவும் பொங்கலாக இல்லை. தவணை முடியும் நாளாக.

தை பிறக்கும்போது தானும் வந்து இருப்பதாகக் கலைவாணி அக்கா சொன்னார். அவர் வீட்டிலும் இந்த வருஷம் பொங்கல் வைக்கவில்லை. தங்கச்சி செத்த வருஷத்துல எனக்கு என்ன பொங்கல் என்றார். மார்கழியின் கடைசி நாள் விடிகாலைப் பேருந்தில் பூந்தமல்லி பைபாஸில் இறங்குவார்.

"ஆட்டோ பிடிச்சு வந்துடறேன் மாப்ள."

"வேணாம்க்கா. நாங்க வர்றோம்."

"பனில பிள்ளைய எதுக்குக் கூட்டிட்டு வர்றீங்க?"

"மாசம் முழுக்க பனிலதான வந்தா. நீங்களே பாருங்க."

அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. சிவப்பு டென்ட்டுக்குள் மதி கை காட்டிக்கொண்டு வந்து இறங்குவதை. ஆஸ்பத்திரியில் பார்த்த பிள்ளை இல்லை இது என்று.

முந்தின நாள் மாலை பார்வதம் அக்காவின் குரல் படிக்கட்டில் கேட்டது. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, "பழசு கிழசு எதுனா கீதாம்மா? பாய், தலகாணி?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். எங்கள் கதவைத் தட்டாமல் இறங்கிப் போனார். துக்க வீட்டில் கேட்க மாட்டார்கள். எனக்குக் காதில் விழுந்தது. எனக்கானது இல்லை என்பதால் அது உள்ளே போகவில்லை. மதியின் சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காலையில் இருட்டு பிரியும் முன்பே இறங்கினோம். வாசலில் யாரும் இல்லை. பனி அன்று வழக்கத்தைவிட அடர்த்தியாக இருந்தது. ஏரியே தெரியவில்லை. பேட்டரியை மாட்டினேன். மதியை உள்ளே உட்கார வைத்து எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினேன். கழுத்துப் பக்கம் ஒரு இடைவெளி இருந்தது. அதில் துண்டைச் சுருட்டி வைத்தேன்.

"அம்மா பேர் வந்துருச்சு."

பூந்தமல்லி சாலையில் திரும்பினோம். வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. என் கண் எரிந்தது. பனி என்று நினைத்தேன். பனியில் கண் எரியாது என்று தோன்றவில்லை. காடுவெட்டி பக்கம் வந்தபோது சாலையோரத்தில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. டீக்கடை அடுப்பு என்று நினைத்தேன். இன்னொன்று தெரிந்தது. அப்புறம் வரிசையாக.

"அப்பா, மோளம்" என்றாள் மதி.

அப்போதுதான் கேட்டது. பனிக்குள் எங்கோ பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் இல்லை. எல்லாப் பக்கமும்.

போகி.

மார்கழியின் கடைசி நாள் போகி என்பது இந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பாயும் முறமும் துணியும் டயரும் தெருத் தெருவாக எரியும். எனக்கும் தெரியும். போன வருஷம் அன்று முழுவதும் ஸ்வாதி ஜன்னல்களை அடைத்து, ஈரத் துணி தொங்கவிட்டு, மதியை உள் அறையில் வைத்திருந்தாள். நான் கதவிடுக்கில் துணி திணித்தேன். எல்லாம் தெரியும். நமக்கு இல்லை என்றால் ஊருக்கும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

திரும்பலாமா என்று பார்த்தேன். பின்னாலும் அதே வெள்ளைதான். டயர் எரியும் கறுப்பு வாடை வந்தது. மதி இருமினாள்.

"மூஞ்சிய மூடிக்கோ. இதோ வந்துட்டோம்."

"அப்பா, உள்ள புகை."

குனிந்து பார்த்தேன். பிளாஸ்டிக்குக்குள் மங்கலாக இருந்தது. கால் தட்டுப் பக்கமிருந்து ஏறிய புகை வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே நின்றது. குல்லாவும் அவள் கண்களும் மட்டும் தெரிந்தன. எறும்பு பூராது என்று துலுக்கானம் சொன்னது சரி. எதுவும் வெளியேயும் போகாது.

கூவம் பாலத்தில் நிறுத்தினேன். ஒரு கையால் பொத்தான்களைப் பிய்த்தேன். தூக்கி வெளியே எடுத்தபோது அவள் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்திருந்தது. சீட்டுக்கு அடியில் இன்ஹேலரும் அதைப் பொருத்தும் குப்பியும் இருந்தன. குப்பியை அவள் முகத்தில் வைத்து அழுத்தினேன். அவளுக்கு இது பழக்கம். தானே எண்ணிக்கொண்டு இழுக்கப் பார்த்தாள். முழுவதாக இழுக்க முடியவில்லை. வெளியே இருந்த காற்றும் புகைதான்.

பாலத்தின் முனையில் தீயைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர் ஓடி வந்தார்.

"இன்னா சார், பாப்பாவுக்கு இன்னா?"

"மூச்சு வாங்குது."

"இன்னிக்கிப் போயி கொயந்தய இட்டுகினு வரியே, அறிவு கீதா? கெளம்பு, கெளம்பு. பூந்தமல்லில ஆஸ்பத்திரி தொறந்துருக்கும். நிக்காத."

பிறகு திரும்பி, "டேய், தண்ணி ஊத்துங்கடா அதுல" என்று கத்தினார். யாரோ ஊற்றினார்கள். அது இன்னும் புகைந்தது.

டென்ட்டைச் சுருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு அவளை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டினேன். கண்ணம்பாளையம், சென்னீர்க்குப்பம். ஒவ்வோர் ஊரிலும் எரிந்தது. ஹாரனில் வைத்த விரலை எடுக்கவில்லை. அவளுடைய ஒவ்வொரு மூச்சும் என் வயிற்றில் தெரிந்தது. எங்கள் வண்டியிலிருந்து மட்டும் புகை வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பைபாஸில் கலைவாணி அக்கா பையோடு நின்றுகொண்டிருந்தார். மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்தியிருந்தார். முதலில் எங்களைத் தெரியவில்லை. தெரிந்ததும் எதுவும் கேட்கவில்லை. பையை அங்கேயே வைத்துவிட்டு வந்து பின்னால் ஏறினார். பை என்ன ஆனது என்று மறுநாள்வரை யாருக்கும் நினைவு இல்லை.

ஆஸ்பத்திரியில் வரிசை இருந்தது. எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே சத்தம். மதியின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்ததும் நர்ஸ் முன்னால் அழைத்தார். ஆவி பிடிக்கும் முகமூடியை மாட்டினார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். மத்தியானம்வரை விலா உள்ளிழுத்துக்கொண்டே இருந்தது. பிறகு மெல்ல விட்டது. தூங்கினாள். குல்லாவைக் கழற்றினேன். முடியில் டயர் வாடை.

அக்கா கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, இன்னிக்குப் போகி."

"ஆமாம்."

"ஞாபகம் இல்லயா?"

"இல்ல."

"ஊரே மோளம் அடிக்குதே."

"நமக்கு இல்லன்னுதான நெனச்சேன்."

திட்டுவார் என்று இருந்தேன். திட்டியிருக்கலாம். அவர் கண் நிறைந்தது. ஸ்வாதிக்கு வரும் அதே இடத்தில், இடது கண்ணில் முதலில்.

"நானும் பஸ்ல ஏறும்போது யோசிக்கல" என்றார். "வர்ற வழியெல்லாம் எரியுது. அப்பவும் யோசிக்கல. பனில வர்றாளேன்னுதான் நெனச்சேன்."

மதியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னார்.

"இது குளிரால வந்தது இல்ல. நீங்க ஒரு மாசம் நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. நான் ஒண்ணும் கேக்கல."

"பொங்கல் முடிஞ்சு கூட்டிட்டுப் போங்க."

"நான் கேக்கலன்னு சொல்றேன்ல."

"ஆஸ்பத்திரின்னு வந்தா அனுப்பறேன்னு சொன்னேன்."

"கோவத்துல சொல்றீங்களா?"

"இல்லக்கா."

கோபம் இல்லை. அந்த வெள்ளைக்குள் அவள் கண்கள் மட்டும் தெரிந்ததை நான் பார்த்துவிட்டேன். அடுத்தது எதை மறப்பேன் என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்கு உறை தைக்க முடியாது.

அக்கா மதியின் காலைப் போர்வைக்குள் எடுத்து வைத்தார். வேண்டாம் என்று இன்னொரு முறை அவர் சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனா என்று பிறகு யோசித்தேன். தெரியவில்லை. அவர் சொல்லவில்லை.

தை பிறந்தது. காலையில் மதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அடுப்பில் காப்பி மட்டும் கொதித்தது. பார்வதம் அக்கா கரும்பு ஒரு துண்டு கொண்டு வந்து, வாசல்படிக்கு வெளியே நின்று, மதியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். "நைனா, பண்டிகன்னு குடுக்கல. கொயந்த வாய்க்கு" என்றார். மதி அதை மாலைவரை சப்பிக்கொண்டிருந்தாள்.

அவள் துணிகளை அக்கா மடித்தார். ஸ்வெட்டர்களை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். அங்கே தேவைப்படாது என்று அவரே வெளியே எடுத்துவிட்டார். பிறகு ஒன்றை மட்டும் திரும்ப வைத்தார்.

"டென்ட் எடுத்துட்டுப் போலாமா?" என்றாள் மதி.

"பெரியம்மா வீட்ல வண்டி இல்ல கண்ணு."

"அப்ப அதுக்குள்ள யாரு உக்காருவா?"

"ஆபீஸ் பையை வச்சுக்கறேன்."

"பைக்குக் குளிருமா?"

"குளிரும்."

அவள் யோசித்துவிட்டு, சரி என்றாள்.

காணும் பொங்கல் கழிந்த மறுநாள் காலை பூந்தமல்லி பைபாஸுக்குப் போனோம். அக்கா சாமான்களோடு ஆட்டோவில் முன்னால் போனார். மதி என்னோடுதான் வருவேன் என்றாள். புகை இல்லை. பனியும் லேசாகத்தான் இருந்தது. ஏரி நன்றாகத் தெரிந்தது. சாலையோரத்தில் அங்கங்கே கறுப்பு வட்டங்கள் இருந்தன, டயர் கம்பிச் சுருள்களோடு. பாலத்தில் இருந்ததை யாரும் கூட்டவில்லை.

பேருந்து சீக்கிரம் வந்துவிட்டது. ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அக்கா அவள் முகத்தில் மாஸ்க்கை மாட்டினார். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னேன். அக்கா தலையசைத்தார். மதி மாஸ்க்கைக் கீழே இழுத்தாள்.

"அப்பா, அம்மா பேர் வந்த அப்பறம் கெளம்பு."

"சரி."

"வராம போகாத."

"போக மாட்டேன்."

பேருந்து போனது. அவள் கை காட்டினாளா என்று தெரியவில்லை. கண்ணாடியில் வெயில் பட்டது.

வண்டியிடம் வந்து பொத்தானை அழுத்தினேன். பெயர் வந்தது. கிளம்பினேன்.

சென்னீர்க்குப்பம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் குனிந்து டென்ட்டைப் பார்த்தார். பிளாஸ்டிக் முழுக்க ஈரம் படிந்திருந்தது. உள்ளே எதுவும் தெரிந்திருக்காது.

"செம்மயா கீதுபா. உள்ள பாப்பா கீதா?"

நான் தலையாட்டினேன்.

"தூங்குதா?"

"ம்."

"இந்தாண்ட பட்டன் ஒண்ணு கயண்டுகீது பாரு அண்ணாத்தே. பனி பூந்துரப் போவுது."

குனிந்து பார்த்தேன். ஆமாம், ஒன்று திறந்திருந்தது. அதை அழுத்திப் போட்டேன். பச்சை விழுந்தது.